ஒட்டுக்குக் கீழே

ஆவாரங்கோம்பை என்று ஒரு மலையூர் இருந்தது. பங்குனி பிறந்து பனி விலகியதும் அந்த ஊர்ப் பூங்காவில் வசந்த விழா நடக்கும். ராட்டினம், பஜ்ஜிக்கடை, ஒலிபெருக்கி என்று எல்லாம் உண்டு. ஆனாலும் விழாவின் நாயகர்கள் செடிகள்தான். தாங்கள் செடிகளைப் பார்க்க வருவதாக மனிதர்கள் நினைத்துக்கொண்டு வருவார்கள். செடிகளும் பெருந்தன்மையாக அப்படியே நினைக்க விட்டுவிடும்.

விழாவில் இரண்டு பந்தல்கள். ஒன்று விற்பனைப் பந்தல். இன்னொன்று மாற்றுப் பந்தல். மாற்றுப் பந்தலில் காசு என்ற பேச்சே கிடையாது. வீட்டிலிருந்து ஒரு செடியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பிடித்த இன்னொரு செடியைத் தூக்கிக்கொண்டு போகலாம். விற்பனைப் பந்தலில் யாரும் சீந்தாத செடிகளைக் கடைசி நாளன்று இங்கே கொண்டுவந்து வைப்பார்கள். இங்கேயும் போணியாகாதவை, சாயங்காலம் பந்தலைப் பிரிக்கும்போது பூங்காவின் பின்பக்கத்து எருக்குழிக்குப் போகும். திரும்ப வண்டியேற்றி ஊருக்குக் கொண்டுபோக எந்த நர்சரிக்காரருக்கும் மனசு வராது.

அந்த வருஷம் கடைசி நாள் காலையில் மாற்றுப் பந்தலுக்கு வந்து சேர்ந்தவர்களில் ஒரு சிவப்பு ரோஜாவும் இருந்தாள். நர்சரிக்காரர் மாசிலாமணி அவளுக்கு மகாராணி என்று ஓர் அட்டையில் பெயர் எழுதிக் கழுத்தில் கட்டியிருந்தார். பெயருக்கு ஏற்ற தலைக்கனம் அவளுக்கு இருந்தது. பூதான் இல்லை. ஒரே ஒரு மொட்டு, அதுவும் விழா தொடங்கிய நாளிலிருந்து வாயைத் திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டு நின்றது.

"என்ன மகாராணி, நீங்களும் எங்க பந்தலுக்கே வந்துட்டீங்க?" என்றது பக்கத்தில் இருந்த கற்றாழை. மாற்றுப் பந்தலுக்கு எந்த வீட்டிலிருந்தும் முதலில் வந்து சேர்வது கற்றாழைதான். அதனால் அதற்கு இந்த இடம் மாமியார் வீடு மாதிரி.

"தப்பா கொண்டுவந்து வச்சிட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள வந்து கூட்டிட்டுப் போயிடுவாங்க" என்றாள் ரோஜா.

"கூட்டிட்டுப் போவாங்க, போவாங்க. பின்பக்கமா" என்று சிரித்தது மணிபிளாண்ட். அதற்கு என்ன கவலை? திருடிக்கொண்டு போய் வைத்தால்தான் தழைக்கும் என்று அதன் குலத்துக்கே ஒரு பேர் இருக்கிறது. காலையிலிருந்து ரெண்டு பெண்கள் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து அதன் கொடியைக் கிள்ளி முந்தானையில் முடிந்துகொண்டு போயிருந்தார்கள்.

ரோஜா பின்பக்கம் திரும்பிப் பார்த்தாள். பந்தல் கீற்றின் இடுக்கு வழியாக எருக்குழி தெரிந்தது. போன வருஷத்துப் பூந்தொட்டி ஒன்று அதில் பாதி புதைந்து கிடந்தது. குழியிலிருந்து லேசாக ஆவி வந்துகொண்டிருந்தது. அவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மத்தியானம் ஆயிற்று. ஜனங்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். ஒலிபெருக்கிகூட ஓய்ந்துவிட்டது. பந்தலுக்கு மேலே கட்டிய பச்சை நிழல்வலைக்குக் கீழே வெளிச்சம் குளத்துக்கு அடியில் இருப்பதுபோல் மங்கலாக நின்றது. அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"உன் மொட்டு விரியணுமா?"

ரோஜா கற்றாழையைப் பார்த்தாள். அது அசந்து தூங்கிக்கொண்டிருந்தது. மணிபிளாண்டும் தூக்கம்தான்.

"யாரு?"

"உன் கால்" என்றது குரல்.

ரோஜாவுக்குச் சிரிப்பு வந்தது. "எனக்குக் கால் இருக்கு. அது பேசாது."

"அது உன்னோடது இல்ல. குனிஞ்சு பாரு. தண்டுல, மண்ணுக்கு ஒரு விரல் மேல, வீங்கின முட்டி மாதிரி ஒண்ணு இருக்கா? அதுக்கு மேல இருக்கிறது நீ. அதுக்குக் கீழ நான்."

ரோஜா குனிந்து பார்த்தாள். இருந்தது. தழும்பேறிய, கருத்த ஒரு கணு. இத்தனை நாள் அது அவள் உடம்பில்தான் இருந்தது. ஒருநாளும் அவள் அதைப் பார்த்ததில்லை. தலை நிமிர்ந்து நிற்கிறவர்களுக்குத் தங்கள் முழங்காலைப் பார்க்க நேரம் ஏது?

"அது நான் பொறந்த இடம்" என்றாள் மெல்ல. "கத்தி ஒண்ணு ஞாபகம் இருக்கு. அப்புறம் இறுக்கிக் கட்டின ஒரு பிளாஸ்டிக் நாடா."

"அது நீ பொறந்த நாள் இல்ல பெண்ணே. உன்னை என் மேல உக்கார வச்ச நாள். நான் காட்டு ரோஜா. காட்டுல இருந்து புடுங்கிட்டு வந்து, என் தலையை வெட்டிட்டு, உன்னை ஒட்டிட்டாங்க."

குரலில் கோபமே இல்லை. அதுதான் ரோஜாவை மிகவும் பயமுறுத்தியது. கோபமாகப் பேசியிருந்தால் பதிலுக்கு ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

"உனக்கு முன்னாடி மஞ்சள் நிறத்துல ஒருத்தி இருந்தா" என்றது வேர். "நல்லவதான். இலையில கரும்புள்ளி விழுந்து போயிட்டா. அதுக்கும் முன்னாடி வெள்ளையில ஒருத்தி. அவளுக்குப் பாட்டுன்னா உயிர். எல்லாரையும் நான் சுமந்தேன். இருட்டுல தண்ணி தேடித் தேடி மேல அனுப்பினேன். மேல நடக்கிறதை எல்லாம் காதால கேட்டதோட சரி, கண்ணால பாத்ததே இல்ல."

ரோஜாவுக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது. தன்னுடைய இடத்தில் இதற்கு முன் வேறு யார் யாரோ நின்றிருக்கிறார்கள் என்பதை அவளால் தாங்க முடியவில்லை. தன் இலைகளைத் தானே தொட்டுப் பார்த்துக்கொள்ளலாமா என்று இருந்தது.

"உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள்.

"வெளிச்சம்" என்றது வேர். "வெளிச்சம்னா என்னன்னு ஒரே ஒரு தடவை பாக்கணும். நானும் எத்தனையோ தடவை துளிர் விட்டு எட்டிப் பாத்துட்டேன். எட்டிப் பாக்கும்போதெல்லாம் அந்த ஆளோட கட்டைவிரல் நகம் வந்து கிள்ளிப் போட்டுடுது. இப்பக்கூட ஒரு துளிர் விட்டிருக்கேன், கணுவுக்குக் கீழ, அந்தப் பக்கமா. உன் அடி இலையைக் கொஞ்சம் தாழ்த்தி அதை மறைச்சுக்கோ. ஒரே ஒரு துளிர். அதுபோதும். அதுக்குப் பதிலா உன் மொட்டை நான் விரியவைக்கிறேன். இதுவும் மாத்துப் பந்தல்தானே?"

"மாட்டேன்னா?"

"மாட்டேன்னா ஒண்ணுமில்ல. சாயங்காலம் ரெண்டு பேரும் சேர்ந்தே குழிக்குப் போவோம். எனக்கு இருட்டு பழக்கந்தான்."

ரோஜா யோசித்தாள். யோசித்தாள் என்று சொல்வது மரியாதைக்குத்தான். எருக்குழியின் ஆவி கண்ணில் படுகிற தூரத்தில் இருந்துகொண்டு யார்தான் யோசிப்பார்கள்? அடி இலையை மெல்லத் தாழ்த்தி அந்தத் துளிரின்மேல் போர்த்தினாள்.

அடுத்த நிமிஷம் கீழிருந்து ஏதோ ஏறி வந்தது. அவளுக்குப் பழக்கமான தண்ணீர் இல்லை. குளிர்ச்சியாக, கனமாக, மண்வாசனையோடு ஒன்று அவளுடைய தண்டுக்குள் கைவைத்துக் கைவைத்து ஏறுவதுபோல் இருந்தது. முட்களெல்லாம் விறைத்தன. அது மொட்டைத் தொட்டதும் மொட்டு படக்கென்று விரிந்தது.

அப்படி ஒரு பூ அவளுக்கு எப்போதும் பூத்ததில்லை. உள்ளங்கை அகலம். சிவப்பும் அவளுடைய சிவப்பு இல்லை, இன்னும் ஒரு கருக்கல் கூடிய சிவப்பு.

கற்றாழை கண் விழித்துப் பார்த்தது. வழக்கம்போல் கிண்டல் செய்யத்தான் வாயெடுத்தது. பூவையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மகாராணி, உன் பூவுல வேற யாரோ சிரிக்கிற மாதிரி இருக்கே" என்றது. அதற்குப் பிறகு அது ரோஜாவின் பக்கமே திரும்பவில்லை. ஒரு தேனீ வந்தது, பூவைச் சுற்றியது, உட்காராமல் போய்விட்டது.

சாப்பாடு முடிந்து ஜனங்கள் திரும்பி வந்தார்கள். பால் சங்கத்தில் பால் அளக்கும் அமலோற்பவம் ஒரு ஜெரேனியப் பூச்செடித் தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு பந்தலுக்குள் நுழைந்தாள். நுழைந்தவள் நேராக ரோஜாவின் முன்னால் வந்து நின்றாள்.

"யம்மா! என்னா பூவு!" என்றாள். "நர்சரிக்காரரே, இந்த ரோசாவை நான் எடுத்துக்கலாங்களா? பதிலுக்கு இது இருக்கு. நல்லாப் பூக்குமுங்க."

மாசிலாமணிக்கே ஆச்சரியமாக இருந்தது. "காலைல வரைக்கும் மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டு இருந்துச்சுங்கக்கா. இப்பத்தான் மனசு வந்திருக்கு போல. எடுத்துக்கோங்க. இருங்க, அடி பாத்துக் குடுத்துடறேன்."

அடி பார்த்துக் கொடுப்பது மாசிலாமணியின் வழக்கம். எந்த ஒட்டுச் செடியானாலும் கைமாற்றும் முன் கட்டைவிரலால் அடித்தண்டை ஒரு சுற்றுத் தடவுவார். ஒட்டுக்குக் கீழே ஏதாவது தட்டுப்பட்டால் கிள்ளிப் போடுவார். தடவிக்கொண்டே, கணுவுக்குக் கீழே எது வந்தாலும் விடாதீங்க, அது செடியைத் தின்னுடும் என்று சொல்லியும் அனுப்புவார். அவர் அப்பாவும் அப்படித்தான் சொல்லி அனுப்பினாராம்.

கட்டைவிரல் தொட்டிக்குள் இறங்கியது. வேப்பம்புண்ணாக்கு நாற்றமடிக்கிற, நகம் தடித்த விரல். அது ஒட்டைத் தாண்டி, மறைத்து வைத்த இலையை நோக்கி ஊர்ந்து வந்தது.

காற்று துளிக்கூட இல்லை. ஆனாலும் துளிர் போனால் பூவும் போய்விடும் என்ற பயத்தில் ரோஜா வளைந்தாள். தன் தண்டிலேயே பெரிய முள்ளை அந்த விரலில் ஆழமாக இறக்கினாள்.

"ஆ!" என்று கையை உதறினார் மாசிலாமணி. ரத்தம் பொலபொலவென்று வந்தது. "பாருங்கக்கா, மகாராணிக்கு இருக்கிற கோவத்தை! இத்தனை வருசத்துல இப்படி ஒரு முள்ளு குத்தினதில்ல."

"ஐயோ, முதல்ல போய்க் கையைக் கழுவுங்க. நான் எடுத்துக்கிட்டுப் போறேன்" என்றாள் அமலோற்பவம்.

அவர் விரலை வாயில் வைத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினார். தடவுவதும் சொல்வதும் அவருக்கு ஒரே மூச்சில் நடக்கிற காரியம். ஒன்று நின்றதும் மற்றதும் நின்றுபோயிற்று.

அமலோற்பவத்தின் இடுப்பில் ஏறி ரோஜா பந்தலைவிட்டு வெளியே வந்தாள். தப்பித்தோம் என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. எருக்குழி பின்னால் போய் மறைந்தது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பால் சங்கத்துக் குடியிருப்பில் அமலோற்பவத்தின் வீட்டு வாசற்படியில் நல்ல வெயில் விழும் இடமாகப் பார்த்து ரோஜாவுக்குக் குடித்தனம் அமைந்தது. அமலோற்பவம் தனியாள். முட்டை ஓடு, வெங்காயத்தோல், டீத்தூள் என்று எது கிடைத்தாலும் தொட்டிக்குக் கொண்டுவந்து போடுவாள். தண்ணீர் ஊற்றும்போது ஆலயத்தில் பாடும் பாட்டை முணுமுணுப்பாள். பெற்ற பிள்ளையை வளர்ப்பதுபோல் வளர்த்தாள். அவள்மேல் குறை சொல்ல முடியாது.

அந்தப் பெரிய பூ உதிர்ந்தது. இலைக்கு அடியிலிருந்த துளிர் வெளியே தலை நீட்டி இளங்கிளையாக வளர்ந்தது.

"அடி ஜெயக்கொடி, இங்க வந்து பாரேன்" என்று பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டாள் அமலோற்பவம். "அடியில இருந்து புதுசா வாது விட்டிருக்கு! எம்புட்டு வேகமா வருது பாரு!"

"உங்க கைராசி அக்கா" என்றாள் ஜெயக்கொடி.

இருவரும் சேர்ந்து அந்த வாதுக்கு ஒரு குச்சி ஊன்றி, நூல் போட்டுக் கட்டினார்கள். அது வெளிர்பச்சையாக, பொடிப்பொடி இலைகளும் வளைந்த முட்களுமாக ஏறிற்று. ரோஜாவின் தோளைத் தொட்டது. பிறகு அவள் தலைக்கு மேலே போயிற்று.

ரோஜாவுக்குத் தாகம் எடுக்க ஆரம்பித்தது. அமலோற்பவம் ஊற்றுகிற தண்ணீர் மண்ணில் இறங்கும் சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு அது அவளிடம் வருவதில்லை.

"எனக்கும் கொஞ்சம் அனுப்பேன்" என்று கேட்டாள்.

"அனுப்புறேன், அனுப்புறேன்" என்றது வேர். அதன் குரலில் இப்போது ஒரு பரபரப்பு இருந்தது. திருவிழாவுக்குக் கிளம்புகிறவர்கள் பேசுவதுபோல் அரைகுறையாகப் பேசியது. "ஏறிட்டிருக்கேன் பெண்ணே. இன்னும் கொஞ்சம்தான். இன்னும் கொஞ்சம்."

"ஒரே ஒரு துளிர்னுதானே சொன்னே?"

"ஒண்ணுதான். எண்ணிப் பாரு."

ரோஜா எண்ணிப் பார்த்தாள். ஒன்றுதான் இருந்தது. அது தொட்டி முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது.

நாளாக ஆக வேர் பதில் சொல்வதையே நிறுத்திவிட்டது. கூப்பிட்டுக் கூப்பிட்டு ரோஜாவுக்குத் தொண்டை வறண்டது. அது அந்த வாதுக்குள் ஏறிப் போய்விட்டது, இப்போது வெளிச்சத்தில் உல்லாசமாக உட்கார்ந்திருக்கிறது, கீழே யாரும் மிச்சமில்லை என்று அவள் நினைத்தாள். நினைக்க நினைக்க எரிச்சலாக இருந்தது. அவளுடைய இலைகள் ஒவ்வொன்றாகப் பழுத்து விழுந்தன. நுனியிலிருந்து கறுப்பு இறங்கி வந்தது. மாசிலாமணியின் விரலைக் குத்திய முள்கூட இப்போது தொட்டால் உதிரும் நிலைக்கு வந்துவிட்டது. குத்தாமல் இருந்திருக்கலாம் என்று அவள் நினைக்காத நாளில்லை.

ஒருநாள் காலையில் ஜெயக்கொடி வாசலில் நின்று சொன்னாள்: "புது வாதுல மொட்டு வச்சிருக்கு அக்கா. கொத்துக் கொத்தா. இந்தக் காஞ்ச குச்சிதான் நடுவுல திருஷ்டி மாதிரி நிக்குது. வெட்டி விட்டுடுங்க."

அமலோற்பவம் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். வெட்டும் முன் கொஞ்ச நேரம் தயங்கினாள். "இதுதாண்டி அன்னிக்குப் பந்தல்ல அப்படிப் பூத்துது. பாவம்" என்றாள். மகாராணி என்று எழுதிய அட்டையை அவிழ்த்துப் புது வாதின் கழுத்தில் பத்திரமாகக் கட்டினாள். பிறகு ஒட்டுக்குச் சரியாக மேலே வைத்து வெட்டினாள். குப்பையில் எறிய மனசு வராமல், உரமாகட்டும் என்று தொட்டி மண்ணின் மேலேயே படுக்க வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

ரோஜா பிறந்ததிலிருந்து முதல் தடவையாக மண்ணின்மேல் காது வைத்துப் படுத்திருந்தாள்.

உள்ளே யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

வேர்தான். அது எங்கேயும் ஏறிப் போகவில்லை. போகவும் முடியாது. அதே இருட்டில், அதே இடத்தில் கிடந்தது. தன்னிடமிருந்த கடைசிச் சொட்டுவரை மேலே தள்ளிக்கொண்டு, புது வாதை நோக்கிக் கேட்டுக்கொண்டே இருந்தது. "எப்படி இருக்கு? சொல்லேன். வெளிச்சம் எப்படி இருக்கு? பாத்துட்டியா? என்ன நிறம்? எனக்குச் சொல்லேன்." எத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்ததோ, குரல் கரகரத்துப் போயிருந்தது. ரோஜாவுக்கு அதன்மேல் இருந்த எரிச்சலெல்லாம் போய்விட்டது.

அந்த நேரம் பார்த்து மேலே புது வாதில் முதல் மொட்டு விரிந்தது. சின்ன, வெள்ளைக் காட்டுப் பூ. வெயில் அதன்மேல் விழுந்தது. காற்றில் அட்டை ஆடியது. பூ அட்டையில் தன் பெயரைப் பார்த்துக் கழுத்தை நிமிர்த்திக்கொண்டது.

"ஏய்" என்று கூப்பிட்டாள் ரோஜா. அவளுக்கு இன்னும் கொஞ்சம்தான் மூச்சு இருந்தது. "கீழ ஒருத்தி கேட்டுட்டே இருக்கா. பதில் சொல்லு. வெளிச்சம் எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. போதும்."

வெள்ளைப் பூ குனியவில்லை. "யாரு கேக்கறது?" என்றது.

"உன் வேர்."

"வேரா?" என்றது பூ. வாசலையும் வெயிலையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தது. "எனக்கு வேரெல்லாம் கிடையாது. நான் மகாராணி."